மாத்திரை என்னும் அளவு

தமிழ்த்துறை மலரில் மனநோய் மருந்துகளைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். முறையான வினாவே. ஆயினும் முதலாண்டு மாணவியர்க்கு எழுத்திலக்கணம் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. அங்கே மாத்திரை என்பது ஒலியின் கால அளவு. கண்ணிமைப் பொழுதும் கைந்நொடிப் பொழுதும் அதனை அளக்கும் கோல்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மருந்துக்கடையில் அட்டையோடு கத்தரித்துத் தரும் வில்லைக்கும் நாம் அதே பெயரைத்தான் வழங்குகிறோம். அளவு என்னும் பொருளுடைய சொல், அளவறிந்து உண்ணவேண்டிய பொருளுக்கு ஆகிவந்திருக்கிறது. இச்சொல்லின் பொருத்தத்தை நான் இலக்கண நூலில் உணர்ந்ததைக் காட்டிலும் என் தமக்கையின் வீட்டில் உணர்ந்ததே மிகுதி.

தமக்கையை எங்கள் வழக்கில் லாத்தா என்போம். லாத்தாவின் மூத்த மகள் 2018ஆம் ஆண்டில் இளநிலைப் பட்டத்தின் இரண்டாமாண்டு பயின்றுகொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. இக்கட்டுரையை எழுத அவளே இசைவு தந்தாள். பெயரை மட்டும் விட்டுவிடுங்கள் சாச்சி என்றாள். விட்டுவிட்டேன்.

அவ்வாண்டில் அவளுக்கு உறக்கம் குறைந்தது. அதைப் பற்றி அவள் கவலைகொள்ளவில்லை. இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தாலே முன்னினும் ஊக்கத்தோடு எழுந்து நடமாடினாள். தேர்வுக்குப் படிக்கிறாள் என்று வீட்டார் மகிழ்ந்தனர். பின்னர்ப் பேச்சு விரைந்தது. ஒன்றை முடிக்குமுன் மற்றொன்றுக்குத் தாவினாள். காதில் கிடந்ததைக் கழற்றி வாசலுக்கு வந்த பூக்காரப் பெண்ணிடம் கொடுத்தாள். ஊரிலுள்ள ஏழைப் பெண்களுக்கெல்லாம் தானே கல்லூரி கட்டப்போவதாகப் பள்ளிவாசல் நிருவாகத்தார்க்கு நாற்பது பக்கத்தில் கடிதம் எழுதினாள். அக்கடிதத்தை நான் படித்தேன். சொல்வளமும் ஓட்டமும் மிக்க நடை. என் மாணவியர் எவரும் அவ்வாறு எழுதியதில்லை. படிக்கப் படிக்க எனக்கு அச்சமே மிகுந்தது.

உம்மா அது கண்ணூறு என்றார்கள். ஓதிய தண்ணீர் வந்தது. எட்டாம் நாள் அவள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி நின்றாள். செய்தி கேட்டு வந்த லெப்பை அவர்கள், “துவா நான் கேட்கிறேன். நீங்கள் தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு தெளிவாக அன்று எங்கள் வீட்டில் வேறெவரும் பேசவில்லை.

மருத்துவர் இதனை இருமுனை மனநோய் என்றார். மனம் அளவிறந்து கிளர்ந்தெழும் காலமும், அளவிறந்து சோர்ந்து தாழும் காலமும் மாறி மாறி வரும் நோய் இது. இடையே இயல்பான காலமும் உண்டு. அதனால்தான் குடும்பத்தார் நோயை மறந்துவிடுகின்றனர். எழுச்சியும் தாழ்ச்சியும் மீள வாராமல் காக்கும் மருந்துகளுக்கு மனநிலைச் சீராக்கிகள் என்று பெயர். லித்தியம், வால்ப்ரோயேட், கார்பமசெபின், லாமோட்ரிஜின் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. முதலாவதைத் தவிர ஏனைய மூன்றும் வலிப்பு நோய்க்கென வந்து பிறகு இத்துறைக்குப் பெயர்ந்தவை.

அவளுக்கு வால்ப்ரோயேட் கொடுக்கப்பட்டது. மூன்று வாரத்தில் உறக்கம் திரும்பியது. பேச்சு பழைய நிலைக்கு வந்தது. விட்ட தேர்வுகளை எழுதிப் பட்டமும் பெற்றாள். உடல் சற்றுப் பெருத்தது, முடி உதிர்ந்தது. இவற்றைப் பெரிதென எவரும் கருதவில்லை. அம்மருந்து அவளை எங்களுக்கு மீட்டுத் தந்தது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னே எழுதப்போவதைப் படித்துவிட்டு அதனை எவரும் நஞ்செனத் தூற்றிவிடலாகாது.

2021இல் திருமணப் பேச்சு எழுந்தது. அச்சமயம் பழைய மருத்துவர் ஊர் மாறிவிட்டமையால், வேறொரு நகரில் ஒரு பெண் மருத்துவரைக் காணச் சென்றோம். சீட்டைப் பார்த்த அம்மையார் கேட்ட முதற்கேள்வி, “இவருக்கு நிக்காஹ் பேசுகிறீர்களா?” என்பது. ஆம் என்றோம். “கருவுற்ற காலத்தில் இந்த மாத்திரை குழந்தைக்கு என்ன செய்யும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா?” என்றார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மூன்றாண்டுகளாக ஒருவரும் சொன்னதில்லை. முன்னைய மருத்துவர் நல்லவர். அவர் கைராசியை ஊரே பேசும். திருமணமாகாத பெண்ணிடம், அதுவும் தந்தையை அருகில் வைத்துக்கொண்டு, கருவைப் பற்றிப் பேசுவது நாகரிகமன்று என எண்ணினாரோ என்னவோ. எங்கள் குடும்பங்களிலும் அப்படித்தான். கன்னிப்பெண்ணின் முன்னிலையில் அப்பேச்சை எடுக்கும் பெரியவர் எவருமில்லை. மருத்துவரின் மௌனமும் வீட்டாரின் கூச்சமும் ஒன்றுக்கொன்று துணையாகிவிட்டன. ஒரு மருந்தின் தீங்கு நூல்களில் பதிவாகியிருந்தும் அதனை உண்பவளுக்குத் தெரியாமற்போவது இவ்வாறுதான் போலும்.

வால்ப்ரோயேட்டின் வரலாறு வியப்பானது. 1882இல் ஆய்வகத்தில் ஆக்கப்பட்ட அச்சேர்மம், எண்பதாண்டுகள் பிற பொருள்களைக் கரைக்கும் கரைப்பானாக மட்டுமே பயன்பட்டது. 1962இல் பிரான்சில் வேறு சில பொருள்களை ஆராய்ந்தோர், அவற்றைக் கரைக்க எடுத்த இதற்கே வலிப்பை அடக்கும் ஆற்றல் இருப்பதைக் கண்டனர். பின்னாளில் உலகெங்கும் பரவியது. கருவுற்ற தாய் இதனை உண்டால் பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்று முதுகுத்தண்டு, இதயம், உதடு முதலியவற்றில் பிறவிக்குறையோடு பிறக்கிறது. பொதுவாக அக்குறை நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகளுக்கே நேர்வது. அதனினும் கொடியது, நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது குழந்தைகள் வரை பேச்சு, அறிவு, கற்றல் ஆகிய வளர்ச்சியில் பின்தங்குகின்றனர். பிரான்சில் மரீன் மார்த்தென் என்னும் தாய், தம் பிள்ளைகளின் நிலைக்குக் காரணம் தேடிப் புறப்பட்டு, 2011இல் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கென ஓர் அமைப்பையே தோற்றுவித்தார். பிரிட்டனில் 2018 முதல், கருத்தடை ஏற்பாடு உறுதியாக இல்லாத பெண்களுக்கு இம்மருந்து கூடாதென விதித்தனர். 2024 சனவரி முதல் அங்கு 55 வயதுக்குட்பட்ட ஆண், பெண் எவருக்கும் இரண்டு வல்லுநர்கள் ஒப்பினாலன்றி இதனைப் புதிதாகத் தொடங்குவதில்லை.

அதே வில்லையை அறுபது வயதுப் பாட்டனார் ஒருவர் உண்டால் இக்கணக்கில் பெரும்பகுதி அவருக்குப் பொருந்தாது. ஈரலையும் கணையத்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. கார்பமசெபினும் இத்தகையதே. குறிப்பிட்டதொரு மரபுக்கூறு உடையார்க்கு அது தோலை உரித்தெடுக்கும் கடும் ஒவ்வாமையை உண்டாக்குவதை 2004இல் தைவானில் கண்டறிந்தனர். ஏனையோர் அதனைப் பல்லாண்டு இடரின்றி உண்கின்றனர். ஆகவே ‘இம்மருந்து பாதுகாப்பானதா’ என்னும் வினா எழுவாய் இல்லாத வாக்கியம் போன்றது. யாருக்கு, எந்த வயதில், எவர் கண்காணிப்பில் என்பவற்றைச் சேர்த்தாலொழிய விடை சொல்ல இயலாது.

அன்றிரவு லாத்தா வீட்டில் நடந்த பேச்சில் மூன்று கட்சிகள் இருந்தன. மச்சான், மருந்தே இனி வேண்டாம் என்றார்கள். “மூன்று வருஷமாக நன்றாகத்தானே இருக்கிறாள். நோய் போய்விட்டது. இனி எதற்கு மாத்திரை?” என்பது அவர்கள் வாதம். லாத்தா, பழைய மருந்தே தொடரட்டும், நிக்காஹுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். பெண் மருத்துவரோ லித்தியத்துக்கு மாறலாம் என்று சொல்லியிருந்தார். லித்தியம் என்றதும் சிறுநீரகம் போய்விடும் என்று யாரோ கைப்பேசியில் படித்துக் காட்டினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தனர். வீட்டில் ஒருவர் கல்லூரி ஆசிரியராயிருந்தால் எல்லாத் துறையும் அவருக்குத் தெரியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

மச்சானின் கட்சியை நான் எளிதில் தள்ளவில்லை. ஆனால் மருந்தின்மைக்கும் ஒரு கணக்கு உண்டு. உம்மாவின் சிறிய தகப்பனார் ஒருவர் இருந்தார். அவர் நல்ல காலத்தில் பர்மாவின் கதைகளைச் சொல்லிக் குழந்தைகளைச் சிரிக்கவைப்பாராம். நோய்க்காலத்தில் வீட்டிலிருப்பதை வாரி வழங்கிவிட்டுப் புறப்பட்டுவிடுவாராம். மூன்றாம் முறை போனவர் திரும்பவில்லை. அவர் ஒரு வில்லையும் உண்டதில்லை. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் வெளியேற இயலாமல் மாண்டதை நாடறியும். சங்கிலியும் ஒருவகைச் சிகிச்சையாகவே அந்நாளில் கருதப்பட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடைசெய்திருக்கிறது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் தொடங்கிய ‘தவா-துவா’ என்னும் முறை, மருந்தும் வேண்டுதலும் ஒருங்கே என்னும் கொள்கையோடு, பின்னாளில் ஏர்வாடிக்கும் வந்தது. எங்கள் லெப்பை அவர்கள் அப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கொள்கை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மருத்துவக் கல்லூரியில் பயிலும் என் பழைய மாணவி ஒருத்தியின் துணையோடு ஆங்கில இதழ்களைப் படிக்கத் தொடங்கினேன். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு உரைவேறுபாடுகளை ஒப்புநோக்கிய பழக்கம் இங்குக் கைகொடுத்தது. ஒரே பாடலுக்கு நான்கு உரையாசிரியர் நான்கு பொருள் சொல்லும்போது, எந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு சொல்கிறார் என்று பார்ப்பதுபோல, இங்கும் எத்தனை பேரை எத்தனை காலம் பார்த்துச் சொல்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

லித்தியம் உலோகங்களுள் மிக இலேசானது. பாறையிலும் ஊற்றுநீரிலும் உள்ள எளிய பொருள். செவன் அப் என்னும் குளிர்பானத்தில்கூட 1948 வரை லித்தியம் சேர்த்திருந்தனர் என்றால் நம்புவது அரிது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் அருகே பண்டூரா மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் கேட், மனவெழுச்சியால் துன்புற்ற பத்து நோயாளிகளுக்கு இதனைக் கொடுத்துக் கண்ட பயனை 1949இல் வெளியிட்டார். போர்க்காலத்தில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் மூன்றாண்டுகளுக்கு மேல் கைதியாயிருந்தவர் அவர். அவருடைய முதல் நோயாளி, ஐந்தாண்டுகளாகக் கட்டுக்கடங்காதிருந்த ஐம்பத்தொரு வயதினர், சில மாதங்களில் குணமடைந்து பழைய வேலைக்கே திரும்பினார். பின்னர் மருந்தைக் கைவிட்டார், நோய் மீண்டது. மறுபடி கொடுத்தனர், 1950இல் லித்தியம் உடலில் மிகுந்து நஞ்சாகி இறந்தார். அதே 1949இல் அமெரிக்காவில், இதயநோயாளிகள் கறியுப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடைத் தாராளமாகத் தூவி உண்டு, சிலர் மாண்டனர். மருந்தின் பெயர் கெட்டது.

ஒருவரையே எழுப்பியதும் கொன்றதும் அதே பொருள். நடுவில் மாறியது அளவு மட்டுமே. இரத்தத்தில் லித்தியத்தை அளக்கும் முறை வந்த பிறகே மருத்துவர்க்குத் துணிவு பிறந்தது. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூ 1954 முதல் முறையான ஆய்வுகளை நடத்தினார். அவருடைய உடன்பிறந்தவர்க்கே மீண்டும் மீண்டும் மனச்சோர்வு வந்து இம்மருந்தால் நின்றதாம். அமெரிக்கா 1970இல்தான் இசைவளித்தது. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பயன்; 1.5ஐக் கடந்தால் நஞ்சின் குறிகள் தோன்றலாம்; 2ஐக் கடந்தால் உயிருக்கே ஆபத்து. மிகினும் கேடு, குறையினும் கேடு என்பதைத் திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் தொடக்கத்திலேயே உடலின் கூறுகளைக் குறித்துச் சொல்லிவைத்தார். லித்தியத்துக்கு அவ்வெல்லை எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இதன் இயக்கத்தைப் பெண் மருத்துவர் லாத்தாவுக்கு விளக்கிய முறை எனக்குப் பிடித்தது. சிறுநீரகத்துக்கு லித்தியமும் உப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். உடலில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் உப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும், கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும், அளவு ஏறிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வியர்வை, திடீரென உப்பில்லாச் சாப்பாடு எல்லாம் இதனால்தான் தீங்கு. மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் இபுப்ரூஃபென், டைக்ளோஃபினாக் ஆகியனவும், இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளும் அளவை ஏற்றிவிடும். கை நன்றாகவே நடுங்கினாலும், நடை தள்ளாடினாலும், நாக் குழறினாலும் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். “இவ்வளவும் யார் பார்த்துக்கொள்வது?” என்று அம்மையார் கேட்டார். லாத்தா, “நான்தான்” என்றார். எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியவர் என் லாத்தா. திருவள்ளுவர் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒன்றாக, நோயாளிக்குப் பக்கத்திலிருந்து மருந்தூட்டுபவரையும் வைத்தமையின் நுட்பம் அன்று எனக்கு விளங்கியது. உரைகள் அவ்வுறுப்பைச் சுருக்கமாகவே பேசிச் செல்கின்றன.

சிறுநீரக அச்சம் பொய்யன்று. பல்லாண்டு உண்பாருள் சிலருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைகிறது. பெண்களுக்குத் தைராய்டு சுரப்பு குன்றுவது அதனினும் மிகுதி. இதனாலேயே முதலாண்டில் மூன்று மாதத்துக்கொரு முறையும் பின்னர் ஆறு மாதத்துக்கொரு முறையும் இரத்தத்தில் லித்தியம் பார்க்கிறார்கள். சிறுநீரகம், தைராய்டு, சுண்ணச்சத்து ஆகியவற்றை ஆறு மாதத்துக்கொரு முறை பார்க்கிறார்கள். குறைவு தொடக்கத்திலேயே தெரிந்தால் வழி உண்டு.

மறுதட்டில் இருப்பது என்ன? 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 330 நோயாளிகளை ஈராண்டுவரை தொடர்ந்து பார்த்தனர். வால்ப்ரோயேட் மட்டும் உண்டோருள் நூற்றுக்கு 69 பேருக்கும், லித்தியம் மட்டும் உண்டோருள் 59 பேருக்கும் நோய் மீண்டது. வேறுபாடு உண்டு, ஆயின் சிறந்ததும் பாதிக்கு மேற்பட்டோரை முற்றும் காக்கவில்லை என்பதையும் அவ்வெண்ணே சொல்கிறது. இந்நோயாளர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் இடர் மற்றவர்க்குள்ளதைப் போலப் பன்மடங்கு. 48 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, லித்தியம் அவ்விடரைக் குறைப்பதாகக் கண்டது. அமெரிக்க முன்னாள் படைவீரர் 519 பேரிடம் செய்து 2021இல் வெளியான ஆய்வோ, ஏற்கெனவே உண்ணும் மருந்தோடு லித்தியத்தைச் சேர்த்ததால் அத்தகைய பயன் காணவில்லை என்றது. இரண்டையும் வீட்டில் சொன்னேன். ஒருபக்கம் மட்டும் சொல்லி ஒருவரை இசையவைப்பது வகுப்பறையிலும் தகாது, வீட்டிலும் தகாது.

முடிவை அவள்தான் எடுத்தாள். அதுவரை எல்லோரும் அவளைப் பற்றிப் பேசினோமேயன்றி அவளிடம் பேசவில்லை. “மாடிச்சுவரில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது சாச்சி. அங்கே திரும்பிப் போக மாட்டேன். மருந்து வேண்டும். பிள்ளைக்குக் கெடுதி குறைந்த மருந்து எதுவோ அது வேண்டும்” என்றாள். வால்ப்ரோயேட்டைச் சட்டென நிறுத்தவில்லை. மருத்துவர் சொன்னபடி வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்து, மறுபுறம் லித்தியத்தை ஏற்றினார்கள். இப்பகுதியைப் படிக்கும் எவரேனும் அம்மருந்தை உண்பவராயின், கருவுற்றிருந்தாலுமேகூடத் தாமாக நிறுத்திவிடாமல் முதலில் மருத்துவரிடம் விரைக. வலிப்புநோயாளி திடீரென நிறுத்தினால் உயிரே போகலாம். வேறெந்த மருந்துக்கும் வலிப்பு அடங்காதவர்களும் உண்டு.

அடுத்து வந்தது ரமலான். 2022இல் அது ஏப்ரல் மாதத்து வெயிலில் அமைந்தது. பதினான்கு மணி நேரத்தளவு நீரின்றி இருத்தல், ஸஹருக்காக உறக்கத்தை முறித்தல் இரண்டும் இவளுக்கு ஆகாதவை. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பது திருக்குர்ஆனே தெளிவாகக் கூறும் செய்தி. எனினும் சலுகையை ஏற்பதில் நம் பெண்களுக்குப் பெருங்கூச்சம். “நான் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு இருப்பேனா?” என்று அழுதாள். ஆய்வுகளும் ஒருமித்துப் பேசவில்லை. மொராக்கோவின் காசாபிளாங்காவில் லித்தியம் உண்போரிடம் செய்த சிறிய ஆய்வொன்றில் நோன்பு மாதத்தில் பலருக்கு நோய் மீண்டது. பாகிஸ்தானின் பெஷாவரில் 62 பேரிடம் செய்து 2010இல் வெளிவந்த ஆய்வில் இரத்தத்தின் லித்தியம் அளவில் கருதத்தக்க மாற்றமில்லை. ஒருவேளை உறக்கம் கலைவதே முதற்காரணமோ என்பது என் எண்ணம். மருத்துவரும் அதனை மறுக்கவில்லை. மருந்து மாறிய முதலாண்டாகையால் அவ்வாண்டு நோன்பு வேண்டா என்றார். ஏழைக்கு உணவளித்தார்கள். அடுத்த ஆண்டு, இரவில் ஒரே வேளையாக மருந்தை அமைத்து, நோன்புக்கு முன்னும் நடுவிலும் அளவு பார்த்து, தராவீஹைச் சுருக்கமாக வீட்டிலேயே தொழுது உறங்கிவிடும் ஏற்பாட்டோடு நோற்றாள். வயிற்றுப்போக்கு கண்ட ஒருநாள் உடனே முறித்தாள். நம் நோன்புக்கஞ்சியில் உப்பும் நீரும் ஒருங்கே இருப்பது இவளுக்கென்றே அமைந்தது போலிருந்தது.

திருமணச் செய்தியைச் சுருக்கிச் சொல்கிறேன். மறைத்து முடிக்கலாம் என்றோர் பலர். மறைத்தால் மாத்திரையையும் மறைத்து உண்ண வேண்டும். இரத்தம் பார்க்க எப்படிப் போவாள்? சொல்வதென முடிவாயிற்று. முதல் வரன் மறுநாளே விலகிற்று. ஏழு மாதம் கழித்து வந்த இரண்டாம் மாப்பிள்ளை, “மருந்து தவறாமல் எடுத்தால் நன்றாக இருப்பார்களா?” என்று மச்சானிடம் கேட்டார். “இதுவரை இருக்கிறாள்” என்றார்கள் மச்சான். 2021இல் மருந்தே வேண்டாம் என்றவர்கள் அவர்களேதான். 2024இல் நிக்காஹ் நடந்தது.

இப்போது கணக்கை மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். அவள் தாய்மையை விரும்புகிறாள். லித்தியம் குழந்தையின் இதயத்தைப் பெரிதும் கெடுக்கும் என்ற அச்சம் 1970களில் தொகுத்த ஒரு பதிவேட்டால் பரவியது. குறையோடு பிறந்த குழந்தைகளே அதில் மிகுதியாகப் பதிவாகியிருந்தமையால் அச்சமும் மிகைப்பட்டது. 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வின்படி, முதல் மும்மாதத்தில் லித்தியம் உண்ட தாய்மாரின் குழந்தைகளுள் நூற்றுக்கு 2.4 பேருக்கும், உண்ணாதோரின் குழந்தைகளுள் 1.15 பேருக்கும் இதயக்குறை இருந்தது. நாள் ஒன்றுக்கு 900 மில்லிகிராமுக்கு மேல் உண்டோரிடம் இடர் ஏறத்தாழ மும்மடங்கு; 600 மில்லிகிராமும் அதற்குக் கீழும் உண்டோரிடம் மிகுதி சிறிதே. அவள் உண்பது 600. ஆனால் கருக்காலத்தில் சிறுநீரகம் லித்தியத்தை விரைந்து வெளியேற்றுவதால் அளவு இறங்கும்; அடிக்கடி பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்த பின் வரும் முதல் வாரங்களே இந்நோய் மீள்வதற்கு மிகுந்த வாய்ப்புள்ள காலம். அப்போது மருந்தின்றி இருப்பது தாய்க்கும் சேய்க்கும் இடர். தாய்ப்பால் பற்றியும் தனியே பேசவேண்டியிருக்கிறது. சென்ற மாதம் மருத்துவரைக் காண அவளும் கணவரும் சென்றனர், லாத்தாவை அழைக்கவில்லை. தன் கேள்விகளைத் தானே ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றாள். பதினொரு கேள்விகள், ஒரே பக்கம். எனக்குக் காட்டினாள். ஒற்றுப்பிழை இரண்டு இருந்தன, திருத்திக் கொடுத்தேன்.

அடுத்த பரிசோதனை இம்மாதக் கடைசியில். மருந்துண்ட பன்னிரண்டாம் மணியில் இரத்தம் எடுத்தாலே அளவு சரியாகத் தெரியும் என்பதால், முந்திய இரவு ஒன்பதுக்கு உண்பாள். காலை ஒன்பதுக்கு ஆய்வகத்தில் இருக்கவேண்டும். மாப்பிள்ளை அன்று கடையைத் தாமதமாகத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்.